டெலிவரித் தொழிலாளி ஒருவரின் குடும்பமும் மக்களவைக் கேள்வி ஒன்றும்: நிகழ்வு ஆய்வு

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, அலுவலகங்களுக்குக் கூடவே போய்வருவது போன்ற வேலைகளைச் செய்யும் ஒரு சிறு உதவி மையத்தில் இருக்கிறேன். 2025 மார்ச் முதல் டிசம்பர் வரை நாங்கள் கையாண்ட ஒரு குடும்பத்தின் விவரம் இது. அவர்களின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். இதே போன்ற மனுக்களைக் கையாளும் மற்றவர்களுக்கும், தொகுதி உறுப்பினர்களின் அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

சென்னைப் புறநகரில் வாடகை வீட்டில் இருக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம். கணவருக்கு 38 வயது. 2020 வரை ஒரு சிறு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடித்தார்கள். ஊரடங்கில் அந்த வேலை போனது. மறு ஆண்டு தவணையில் ஒரு பைக் எடுத்துக்கொண்டு உணவு டெலிவரிக்கு வந்துவிட்டார். மனைவி வீட்டிலேயே தைக்கிறார். துணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் மாதம் சுமார் 4,000 ரூபாய் வரும். கணவரின் தாயாருக்கு 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு.

விபத்துக்கு முன்பே இரண்டு விஷயங்கள் நடந்திருந்தன. அப்போது யாரும் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று, 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பங்கள் வாங்கியபோது, 'வீட்டில் முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் இருந்தால் கிடைக்காது' என்று முகாமில் சொன்னதைக் கேட்டு மனைவி திரும்பிவிட்டார். முதலில் விதி அப்படித்தான் இருந்தது. ஆகஸ்டில் அதைத் தளர்த்தி, அத்தகைய குடும்பங்களில் உள்ள மற்றத் தகுதியான பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்து, சிறப்பு முகாமும் நடத்தினார்கள். அந்தச் செய்தி இவர்கள் வீட்டை எட்டவில்லை.

இன்னொன்று, 2024 ஜூலையில் கணவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தது. டெலிவரி நிறுவனம் அவரை ஒப்பந்ததாரராகக் கருதி, கொடுத்த தொகையில் 1 சதவீதம் வரி பிடித்திருந்தது. அந்த ஆண்டு அவருக்கு வந்த மொத்தத் தொகை 3,14,000 ரூபாய், பிடித்தது 3,140 ரூபாய். அதைத் திரும்ப வாங்கத்தான் பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கிருந்தவர், 'வருமானம் அதிகமாகக் காட்டினால் பின்னால் லோன் வாங்க வசதி' என்று சொல்லி, செலவைச் சரியாகக் கழிக்காமல் நிகர வருமானம் 2,90,000 என்று போட்டுவிட்டார். 3,140 ரூபாய் திரும்பி வந்தது. குடும்பத்துக்கு அது நல்ல செய்தியாகவே இருந்தது.

விபத்து

2025 பிப்ரவரியில் ஓர் இரவு, கடைசி ஆர்டரைக் கொடுத்துவிட்டு, ஆப்பில் ஆஃப்லைன் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் நாய் குறுக்கே வந்து வண்டி சறுக்கியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு தனியார் மருத்துவமனையில் செலவில்லாமல் நடந்தது. பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றி, கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மருத்துவச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், அந்தத் திட்டம் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் முதல் வாரமே கடனில் விழுந்திருக்கும்.

அவர்களைச் சாய்த்தது அடுத்த மாதங்களின் வருமான இழப்பு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில், ஆர்டர் கையில் இருக்கும்போதோ ஆன்லைனில் இருக்கும்போதோ நடந்த விபத்துக்கு மட்டுமே பணம். ஆஃப்லைன் போட்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். வண்டிக் காப்பீட்டில் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு இருந்தது. அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், ஆறு மாதம் நடக்க முடியாமல் போவதற்கு அதில் எதுவும் இல்லை.

பழைய தொழிற்சாலையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்புடையதாக நிறுவப்பட்டால் பணியிட விபத்தாகக் கருதப்பட்டிருக்கும். தற்காலிக இயலாமைக்கு, கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைத்துக்கொண்டிருக்கும். அதே மனிதர், அதே சாலை, அதே கால். வேலையின் பெயர் மாறியதால் எல்லாம் மாறிவிட்டது.

எங்களிடம் வந்தபோது கண்டவை

மார்ச் இரண்டாம் வாரத்தில் மனைவி மட்டும் வந்தார். 'அக்கா, ரெண்டு மாசத் தவணை நிக்குது, நகையையும் வச்சாச்சு. அவருக்கு ஏதாவது நல வாரியத்துல பணம் வருமா?' என்றுதான் கேட்டார். உரிமைத் தொகை பற்றி அவர் பேசவே இல்லை. அது தனக்குக் கிடையாது என்று 2023-லேயே முடிவு கட்டியிருந்தார்.

எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. ஆப்பில் அவர் 'டெலிவரி பார்ட்னர்'. வருமான வரிக் கணக்கில் சொந்தத் தொழில் செய்பவர். பி.எஃப். கணக்கில் இன்னமும் பழைய தொழிற்சாலையின் முன்னாள் ஊழியர். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் பதிவுத் தளமான இ-ஷ்ரமில் அவர் பதிவே இல்லை. இவரைப் போல் செயலி வழியாக வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு அரசு அமைத்த தனி நல வாரியத்திலும் இல்லை. அப்படி ஒரு வாரியம் இருப்பதே அவருக்குத் தெரியாது. வாரியத்தின் விபத்து உதவிக்கு, விபத்துக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ஆக, மனைவி கேட்டு வந்த கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில் 'கிடைக்காது' என்பதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், அவரை நிறுவனத்தின் ஊழியர் என்று நிலைநாட்டி, 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாமா என்று ஒரு வழக்கறிஞரிடம் பேசினோம். வாதாட இடம் இருக்கிறது என்றார். ஆனால் செயலி வழித் தொழிலாளர்களின் நிலை குறித்து அவர்களின் கூட்டமைப்பு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கே முடியவில்லை. வாடகைக்கு வழியில்லாத குடும்பத்தை அத்தனை நீண்ட பாதையில் இறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கணவரும் மறுத்தார். கால் சரியானதும் அதே ஆப்பில்தான் வேலைக்குப் போக வேண்டும், ஐ.டி.யை முடக்கிவிடுவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் இரண்டு வழிகளில் போனோம். குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடியதை முதலில் வாங்குவது. இவர்கள் ஊழியரா இல்லையா என்ற கேள்வியை மக்களவை உறுப்பினர் வழியாக எழுப்புவது.

முதல் வழியில் செய்தவை: கணவருக்கு இ-ஷ்ரம் பதிவு, கிக் தொழிலாளர் வாரியப் பதிவு. மனைவிக்குத் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் தனியாகப் பதிவு. அவரையும் ஒரு தொழிலாளியாகப் பார்க்க எங்களுக்கே ஒரு வாரம் ஆனது. அவர் பெயரில் எந்தக் காகிதத்திலும் 'தொழில்' என்ற கட்டம் நிரப்பப்பட்டிருக்கவில்லை.

அடுத்தது வருமான வரிக் கணக்கு. உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தவறாகக் காட்டிய 2,90,000-ஐத் திருத்தலாம் என்று பார்த்தால், திருத்திய கணக்குக்கான கெடு எங்களிடம் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. பிறகு தாக்கல் செய்யக்கூடிய புதுப்பித்த கணக்கில் வருமானத்தைக் கூட்டலாமே தவிர, வரியைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோ முடியாது. எனவே பழையதைத் தொடாமல், 2024-25 நிதியாண்டுக்கான கணக்கைச் சரியாகப் போடுவதில் கவனம் வைத்தோம். மொத்த வரவு 2,86,000. பெட்ரோல், சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், போன் ரீசார்ஜ், வண்டித் தேய்மானம் எல்லாம் சேர்ந்து 1,04,000. நிகரம் 1,82,000. மனைவியின் 48,000-ஐயும் பாட்டியின் ஓய்வூதியத்தையும் சேர்த்தாலும் 2.5 லட்சத்தைத் தொடவில்லை. பெட்ரோல் போட்ட ரசீதுகள் பாதிதான் இருந்தன. மீதியை யு.பி.ஐ. பதிவுகளிலிருந்து மகள் எடுத்து எழுதிக் கொடுத்தாள், பொதுத்தேர்வு முடிந்த கையோடு.

மக்களவைக் கேள்வி

தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஏப்ரலில் போனோம். நாங்கள் கொண்டுபோனது நான்கு பக்க மனு. அங்கிருந்த உதவியாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, 'இதை அப்படியே கேட்க முடியாது மேடம்' என்றார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாமே எங்களுக்குப் புதியவை. தனிமனிதர் ஒருவரின் குறையைக் கேள்வியாக்க முடியாது. மாநில அரசின் பொறுப்பில் உள்ளதை மக்களவையில் கேட்க முடியாது, அதனால் உரிமைத் தொகை அங்கே வராது. கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும். குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுக்கும் கேள்விகள் அதிகம் என்பதால் குலுக்கலில் வந்தால்தான் பட்டியலில் இடம். நாளொன்றுக்கு வாய்மொழி விடைக்கு 20, எழுத்துமூல விடைக்கு 230 கேள்விகள்தான்.

எங்கள் முதல் வரைவு மிகவும் பொதுவாக இருந்தது. 'செயலி வழித் தொழிலாளர்களை ஊழியராக அங்கீகரிக்க அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?' என்று கேட்டிருந்தோம். 'விபத்தில் வேலை இழக்கும் நாட்களுக்கு வருமான ஈடு உண்டா, அதற்கான விதி எது?' என்பதையும் 'விபத்துகள் பற்றிய தரவு திரட்டப்படுகிறதா?' என்பதையும் உட்பிரிவுகளாகச் சேர்த்தது உதவியாளர்தான். மழைக்காலக் கூட்டத்தொடரில் முதலில் கொடுத்தது குலுக்கலில் வரவில்லை. மீண்டும் கொடுத்தது எழுத்துமூல விடைக்கு ஏற்கப்பட்டது.

ஆகஸ்டில் பதில் வந்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020-இல் கிக் தொழிலாளர், இயங்குதளத் தொழிலாளர் ஆகியோர் முதன்முறையாக வரையறுக்கப்பட்டுள்ளனர் என்றும், அவர்கள் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர்கள் என்றும் அதில் இருந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வழி செய்யப்பட்டுள்ளது, 2025 நிதிநிலை அறிக்கையில் அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் அறிவிக்கப்பட்டுள்ளன என்றும் சொல்லியிருந்தார்கள். வருமான ஈடு பற்றியும் விபத்துத் தரவு பற்றியும் தனியாகப் பதில் இல்லை. அந்தச் சட்டத்தொகுப்பு அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவும் இல்லை.

எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். அந்தக் காகிதம் பிறகு வேறு இடத்தில் உதவும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

கள ஆய்வில் வந்த சிக்கல்

ஜூலை 15 முதல் நடந்த 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் உரிமைத் தொகைக்குப் புதிய விண்ணப்பங்களும் வாங்கினார்கள். ஆகஸ்டில் மனைவி விண்ணப்பித்தார். அக்டோபரில் கள ஆய்வுக்கு வந்தவர் கணவரைப் பற்றி 'தனியார் நிறுவன ஊழியர், வருமான வரி தாக்கல் செய்பவர்' என்று குறித்துக்கொண்டார். கணவர் அதற்குள் மீண்டும் வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தார். மனைவி எதிர்த்துக் கேட்டபோது வந்த பதில்: 'டி-சர்ட்ல கம்பெனி பேர் இருக்கு, ஐ.டி. கார்டு இருக்கு, வாராவாரம் பேங்க்ல பணம் ஏறுது. அப்புறம் எப்படிம்மா ஊழியர் இல்லைன்னு சொல்றீங்க?'

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாலையில் பார்க்கும் யாருக்கும் அவர் ஊழியர்தான். விபத்து நடந்தபோது நிறுவனம் 'ஊழியர் இல்லை' என்றது. குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் வர வேண்டிய இடத்தில் 'ஊழியர்' என்று எழுதப்பட்டது. இரண்டு இடத்திலும் இழப்பு இவர்களுக்கே. இத்தனை வருடத்தில் நான் பார்த்த மனுக்களில் மிகவும் மனதைப் பாதித்தது இந்த ஒரு குறிப்புதான்.

தனியார் ஊழியர் என்பது மட்டும் தகுதியிழப்புக்குக் காரணம் ஆகாது. ஆனால் பழைய வரிக் கணக்கின் 2,90,000-உடன் சேர்த்துப் படித்தால், அது நிரந்தரச் சம்பளம் போலத் தெரியும். முடிவு வரட்டும், அப்புறம் மேல்முறையீடு செய்யலாம் என்று மையத்தில் ஒருவர் சொன்னார். முடிவுக்கு முன்பே விளக்கம் கோப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ஒரு முறை நிராகரிப்பு என்று பதிவாகிவிட்டால் அதை மாற்றுவது கடினம் என்று முந்தைய அனுபவங்கள் சொல்லின.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு பக்க மனு கொடுத்தோம். இணைப்பாக, புதிய வரிக் கணக்கு, வங்கிப் பதிவு, செலவு அட்டவணை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, இ-ஷ்ரம் அட்டை. கூடவே மக்களவையில் அமைச்சகம் கொடுத்த பதிலின் நகல். இவர் ஊழியர் அல்ல என்று நாங்கள் சொன்னால் அது ஒரு தரப்பின் வாதம். அமைச்சகமே அவையில் சொல்லியிருக்கும்போது, மனுவைப் படிக்கும் அதிகாரி துணிந்து குறிப்பை மாற்றலாம். மனுவை வாங்கிய பிரிவு எழுத்தர் அந்தப் பதிலைத்தான் முதலில் படித்தார், இரண்டு முறை.

பிறகு நடந்தவை

நவம்பரில் மறு விசாரணை நடந்தது. இந்த முறை வந்தவர் 'கிக் தொழிலாளி, நிலையான சம்பளம் இல்லை' என்று எழுதினார். டிசம்பரில் இரண்டாம் கட்ட விரிவாக்கத்தின்போது மனைவியின் கணக்கில் முதல் ஆயிரம் ரூபாய் வந்தது. மறுக்கப்பட்ட காப்பீட்டுத் தொகை வரவில்லை, நிறுவனத்துக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் ஒரே வாசகத்தில் தானியங்கிப் பதில்தான் வந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். நகை இன்னும் அடகில் இருக்கிறது.

நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களின் பங்களிப்பு எந்தத் தேதியிலிருந்து வசூலாகும், வேலை இழந்த நாட்களுக்கு அதிலிருந்து ஈடு தரும் திட்டம் உண்டா என்று குளிர்காலக் கூட்டத்தொடருக்கு இரண்டாவது கேள்வி கொடுத்தோம். குலுக்கலில் வரவில்லை.

இனி மாற்றிச் செய்ய இருப்பவை

டெலிவரி வேலை செய்பவர் யார் எந்தக் காரியத்துக்காக வந்தாலும், அன்றைக்கே இ-ஷ்ரம் பதிவும் வாரியப் பதிவும் முடித்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். விபத்துக்குப் பிறகு செய்த பதிவு இந்தக் குடும்பத்துக்கு அந்த விபத்துக்காக எதையும் பெற்றுத் தரவில்லை.

வரிக் கணக்கு எங்கள் வேலை இல்லை என்று இதுவரை நினைத்திருந்தோம். 1 சதவீதப் பிடித்தத்தைத் திரும்ப வாங்கப் போய், குடும்பத்தின் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உரிமை ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் என்றால், அது எங்கள் வேலைதான். ஜூன், ஜூலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்காக ஒதுக்க ஒரு ஓய்வுபெற்ற கணக்காளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

காப்பீட்டில் நாங்கள் செய்த தவறு பெரியது. மறுப்புக் கடிதத்தை அப்படியே நம்பிவிட்டோம். பாலிசியின் முழு நகலைக் கேட்டு வாங்கி, எத்தனை நிமிடம் வரை பாதுகாப்பு நீடிக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். கேட்டபோது நாட்கள் கடந்துவிட்டன.

கேள்வி எழுதும் முறையையும் மாற்றியிருக்கிறோம். கொள்கை என்ன என்று கேட்டால் சட்டத்தின் வரையறைதான் பதிலாக வரும். தேதி, தொகை, பொறுப்பான அலுவலர், விதி எண் என்று உட்பிரிவு போட்டுக் கேட்கிறோம். விட்டுப்போன உட்பிரிவு இருந்தால் அடுத்த கூட்டத்தொடருக்கு அது மட்டும் போகிறது. பதிலில் 'தகவல் திரட்டப்படுகிறது' என்று இருந்தால் அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழி, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழு இருக்கிறது என்பதை உதவியாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மாநிலத் திட்டத்தின் பக்கத்தைச் சட்டமன்ற உறுப்பினரிடம் தனியாகக் கொண்டுபோயிருக்க வேண்டும். வரித் தளத்தில் உள்ள மொத்த வரவை ஒரு நலத்திட்டம் நிகர வருமானமாகப் படிக்கிறதா என்பது டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் விழுகிற கேள்வி. இரண்டு அவையிலும் கேட்காவிட்டால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

டிசம்பர் இறுதியில் வெளியான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் வரைவு விதிகளில், பலன் பெற நிதியாண்டில் ஒரு நிறுவனத்துடன் 90 நாள், பல நிறுவனங்கள் என்றால் 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஆறு மாதம் படுத்திருந்தவர் அந்தக் கணக்கில் எப்படி வருவார் என்பதுதான் எங்களின் அடுத்த கேள்வி. அதற்காகக் கணவரிடம் ஒரு நோட்டு கொடுத்து, ஓட்டிய நாட்களைத் தேதியோடு எழுதச் சொன்னோம். ஜனவரியில் மையத்துக்கு வந்தபோது கொண்டுவந்திருந்தார். மகளின் கையெழுத்தில் நாள், மணி, தொகை என்று மூன்று கோடு போட்டு எழுதியிருந்தது. காலில் உள்ள கம்பியை எடுக்க மருத்துவமனையில் நாள் கேட்டிருக்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை.